பெரிய மருந்து கம்பெனியில் இன்டர்வியூ: க்யூசி, க்யூஏ, புரொடக்ஷன் வேலை தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹைதராபாத்தில் மாத்திரை தயாரிக்கும் ஒரு கம்பெனியின் க்யூசி (தரச் சோதனை) லேபில் பல வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருடம் இன்டர்வியூ எடுப்பதும் என் வேலையாக இருந்தது. சார்மினார் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்தபடியே வந்து, காலையில் ஸ்டேஷனிலேயே முகம் கழுவிவிட்டு நேராக வாக்-இன் என்ற நேரடி இன்டர்வியூ நடக்கும் இடத்துக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகளை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பாடம் தெரிந்தும் திரும்பிப் போனவர்கள் அவர்களில் நிறைய. அவர்கள் என்னிடம் கேட்டவை, கேட்கத் தயங்கியவை எல்லாவற்றுக்கும் தெரிந்த வரையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் எந்தத் துறைக்குப் போகலாம்? எல்லாவற்றுக்கும் ஒரே இன்டர்வியூவா?

இல்லை. எம்.எஸ்ஸி கெமிஸ்ட்ரி முடித்தவர்களைப் பெரும்பாலும் க்யூசிக்கு எடுப்பார்கள். மருந்தையும் மூலப்பொருளையும் சோதித்துப் பார்க்கும் லேப் அது. பி.ஃபார்ம், எம்.ஃபார்ம் என்றால் புரொடக்ஷன், க்யூஏ (எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் பிரிவு), ஃபார்முலேஷன் ஆர் அண்ட் டி, ரெகுலேட்டரி (அரசு அனுமதிக்கான ஆவண வேலை) என்று கதவுகள் கொஞ்சம் அதிகம். மைக்ரோபயாலஜி படித்தவர்களுக்கு ஊசி மருந்து தயாரிக்கும் யூனிட்களில் தேவை எப்போதும் உண்டு. மெடிக்கல் ரெப் வேலைக்கான இன்டர்வியூ முற்றிலும் வேறு. அதை இங்கே தொடவில்லை.

ஊர் விஷயத்தில் மனதைத் திறந்து வையுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஆலத்தூர், மதுராந்தகம், அப்புறம் ஓசூர், புதுச்சேரி என்று நம் பக்கமும் யூனிட்கள் இருக்கின்றன. ஆனால் கூட்டமாக ஆள் எடுப்பது ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள பாச்சுபள்ளி, ஜீடிமெட்லா, ஜட்சர்லா, பாசமைலாரம், விசாகப்பட்டினத்தை ஒட்டிய பரவாடா, குஜராத், இமாச்சலத்தில் பத்தி ஆகிய இடங்களில்தான்.

வாக்-இன் அன்று என்ன நடக்கும்?

பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது ஒரு ஹோட்டல் ஹாலிலோ கம்பெனி வளாகத்திலோ நடக்கும். ஒன்பது மணி என்று போட்டிருந்தால் எட்டு மணிக்கே வரிசை நீண்டிருக்கும். முதலில் ஒரு விண்ணப்பப் படிவம் தருவார்கள். சில இடங்களில் அரை மணி நேர எழுத்துத் தேர்வு இருக்கும். அடுத்து டெக்னிக்கல் ரவுண்டு, அதில் தேறினால் ஹெச்ஆர். மதியச் சாப்பாட்டுக்குக் கீழே போய் வருவதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று கண் கலங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டும் இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பு முதல் எல்லா மதிப்பெண் பட்டியல்களும், நகல் இரண்டு செட்டும், ஆதார், பான், போட்டோ, சொந்தப் பேனாவும் வேண்டும். பேனா நீலமோ கறுப்போ இருக்கட்டும். பென்சில், அழியும் மையுள்ள ஜெல் பேனா வேண்டாம். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

விண்ணப்பப் படிவத்தை யாராவது படிக்கிறார்களா?

நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஒரு முறை விருதுநகர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் படிவம் என் கைக்கு வந்தது. பட்டம் முடித்த வருடத்தைத் தவறாக எழுதியிருந்தார். அதன் மேல் மெல்லிசாக ஒரே ஒரு கோடு. அடியில் இருந்த பழைய எண் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் சரியான வருடம், அதற்கும் பக்கத்தில் சின்னக் கையெழுத்து, அன்றைய தேதி. யாரும் சொல்லித் தரவில்லை, கல்லூரியில் ஒரு ஆசிரியர் லேப் ரெக்கார்டில் அப்படித்தான் திருத்தச் சொல்வார், பழகிவிட்டது என்றார். அதே நாள் வந்த மற்ற படிவங்களில் எண்ணின் மேலேயே எண் எழுதியவை இருந்தன, வெள்ளை மை பூசியவை இருந்தன, நகத்தால் சுரண்டியதும் ஒன்று இருந்தது.

மருந்து கம்பெனியில் எழுதியதை அழிக்கக் கூடாது. தவறு நடந்தால் ஒற்றைக் கோடு, சரியான பதிவு, கையெழுத்து, தேதி, தேவையான இடத்தில் காரணம். நாளைக்கு ஒரு மாத்திரையால் யாருக்காவது பாதிப்பு வந்தால், அன்று லேபில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல அந்தக் காகிதம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். இன்டர்வியூவில் 'அல்கோவா' என்றால் என்ன என்று கேட்பார்கள். யார் செய்தது என்று தெரிய வேண்டும், படிக்க முடிய வேண்டும், செய்த அந்த நேரத்திலேயே எழுதியிருக்க வேண்டும், முதல் பதிவாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும். இந்த ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்கள் நிறைய. படிவத்திலேயே அதைச் செய்து காட்டியவர் அந்தப் பெண் மட்டும்தான். மூன்று கேள்விகளுக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை, இருந்தும் எடுத்தோம்.

டெக்னிக்கல் ரவுண்டில் என்ன கேட்பார்கள்?

புத்தகத்தில் ஆழமான இடங்களைத் தேடிப் படிக்கிறார்கள். கேட்பதோ அடிப்படை, அதிலும் 'ஏன்' என்ற கேள்வி.

ஒரு உதாரணம். 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு லிட்டர் தயாரிக்க எத்தனை கிராம்? நான்கு கிராம் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சரியாக நான்கு கிராம் எடைபோட்டுக் கரைத்தாயே, பிறகு எதற்கு ஸ்டாண்டர்டைஸ் செய்கிறாய்? இங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். அந்த வில்லைகள் காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். தட்டில் நான்கு கிராம் காட்டினாலும் உள்ளே இருக்கும் ஹைட்ராக்சைடு அதைவிடக் குறைவு. அதனால்தான் சுத்தமாக, நிலையாகக் கிடைக்கும் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை வைத்து அதன் உண்மையான வலிமையைக் கண்டுபிடிக்கிறோம். கல்லூரியில் பத்து முறை செய்திருப்பீர்கள். ஏன் என்று ஒரு முறை யோசித்திருந்தால் போதும்.

இன்னொன்று, எனக்குப் பிடித்த கேள்வி. டிசல்யூஷன் என்பது மாத்திரையிலுள்ள மருந்து குறித்த நேரத்தில் எவ்வளவு கரைகிறது என்று பார்க்கும் சோதனை. அதில் க்யூ மதிப்பு, அதாவது கரைய வேண்டிய அளவு, 80 சதவீதம். ஆறு மாத்திரை போட்டீர்கள். ஐந்து 90-ஐ ஒட்டி வந்தன, ஒன்று 83. பாஸா, ஃபெயிலா? '80-க்கு மேலதானே சார், பாஸ்' என்பார்கள். முதல் கட்டத்தில் ஒவ்வொரு மாத்திரையும் க்யூவுடன் 5 சேர்த்து, அதாவது 85-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 83 அதைத் தொடவில்லை. ஆனால் பேட்ச் ஃபெயில் என்றும் சொல்ல முடியாது. இன்னும் ஆறு மாத்திரை போட வேண்டும். பன்னிரண்டின் சராசரி 80-க்குக் குறையாமலும், எந்த ஒன்றும் 65-க்குக் குறையாமலும் இருந்தால் பாஸ். அதுவும் சரிவராவிட்டால் மூன்றாம் கட்டத்தில் மேலும் பன்னிரண்டு.

புரொடக்ஷனுக்குப் போகிறவர்களிடம் பொடியைக் குருணையாக்கும் கிரானுலேஷன், மாத்திரை மேல்பகுதி தனியாகப் பெயர்ந்து வரும் கேப்பிங், மாத்திரையை அழுத்தும் பஞ்ச் (punch) அச்சில் மருந்து ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கிங், இவை ஏன் வருகின்றன, எப்படிச் சரி செய்வது என்று கேட்பார்கள். ஹெச்பிஎல்சி (மருந்திலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஆட்களுக்கு, கருவி சோதனைக்குத் தயாரா என்று பார்க்கும் சிஸ்டம் சூட்டபிலிட்டி, பொருட்களைப் பிரிக்கும் 'காலம்' (column) என்ற குழாயின் வகைகள், வரைபடத்தில் பீக் ஏன் வால் நீளுகிறது. மருந்து எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டியில் 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் எதற்கு வைக்கிறோம் என்று கேட்பார்கள். இவ்வளவையும் ஒரு வாரத்தில் புரிந்து படித்துவிடலாம்.

பதில் தெரியாவிட்டால் என்ன சொல்வது?

'தெரியவில்லை சார்' என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.

இதைச் சமாளிப்பதற்கான வாசகம் என்று பலர் எழுதித் தருகிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். எங்கள் லேபில் ஒருவருக்குத் தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல் செய்தால், அதன் விளைவு ஏதோ ஒரு வீட்டில் மாத்திரை விழுங்கும் மனிதருக்குப் போய்ச் சேரும். அதனால் தெரியாத இடத்தில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று பார்ப்பதற்காகவே சில கேள்விகளைக் கேட்போம். பாதி தெரிந்தால் 'இதுவரை தெரியும், இதற்கு மேல் எஸ்ஓபியைப் பார்த்துத்தான் செய்வேன்' என்று சொல்லுங்கள். எஸ்ஓபி என்பது ஒவ்வொரு வேலைக்கும் எழுதி வைத்திருக்கும் செய்முறை. மனப்பாடமாகத் தெரிந்தாலும் அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்பதே அங்கே விதி.

'ரிசல்ட் ஃபெயில் ஆனால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்கிறார்களே, சரியான பதில் என்ன?

முழு இன்டர்வியூவிலும் முக்கியமான கேள்வி இதுதான். வரம்புக்கு வெளியே வந்த ரிசல்ட்டை ஓஓஎஸ் என்பார்கள். நிறையப் பேர் 'இன்னொரு தடவை செய்து பார்ப்பேன்' என்கிறார்கள். இது தவறான பதில் மட்டும் இல்லை, ஆபத்தான பதில்.

1993-இல் அமெரிக்காவில் பார் லேபரட்டரீஸ் என்ற கம்பெனிக்கும் அரசுக்கும் நடந்த வழக்கில் நீதிபதி வோலின் தந்த தீர்ப்பு இந்தத் தொழிலையே மாற்றியது. பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டே போவதை அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க ஓஓஎஸ் விசாரணை நடக்கும் முறைக்கு வேர் அங்கே இருக்கிறது.

நீங்கள் சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். கரைசல்களையும் சாம்பிளையும் கொட்ட மாட்டேன், பாட்டில்களைக் கழுவ மாட்டேன். உடனே சூப்பர்வைசரிடம் சொல்வேன். அவரோடு சேர்ந்து எடை, கணக்கு, ஸ்டாண்டர்ட், கண்ணாடிப் பொருட்கள், கருவி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். லேபில் தவறு நடந்தது என்று ஆதாரத்தோடு தெரிந்தால், அதைப் பதிவு செய்துவிட்டுத்தான் முதல் ரிசல்ட்டை ஒதுக்க முடியும். தவறு எதுவும் கிடைக்காவிட்டால் விசாரணை புரொடக்ஷனுக்குப் போகும். மறுசோதனை என்பது முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய திட்டப்படி மட்டும்.

இதைச் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி வரும். 'தவறு உன்னுடையது என்று உனக்கு மட்டும் தெரியும். பிப்பெட்டில் எடுக்கும்போது கை தவறிவிட்டது. சொன்னால் மெமோ வரும். சொல்வாயா?' என் வாழ்க்கையிலேயே இது நடந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், 5 மில்லிக்குப் பதில் 4 மில்லி பிப்பெட்டை எடுத்துவிட்டேன். இரவு இரண்டு மணி, சி ஷிஃப்ட். ரிசல்ட் 80 சதவீதத்தை ஒட்டி வந்ததும் வயிறு கலங்கியது. ஸ்டாண்டில் அந்தப் பிப்பெட் நின்ற இடத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சொன்னேன். திட்டு விழுந்தது, மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள், மூன்று வாரம் தனியாக எதையும் தொட விடவில்லை. அந்தப் பேட்ச்சின் விசாரணை இரண்டே நாளில் முடிந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் நல்ல மருந்து ஒன்றை மாதக்கணக்கில் சந்தேகித்திருப்பார்கள். 'சொல்வேன்' என்று நீங்கள் தயக்கமில்லாமல் சொன்னால், உங்களைப் பற்றி எங்களுக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரிய வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறார்கள்? பழைய கதை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2013 மே மாதம் ரான்பாக்ஸி என்ற இந்திய மருந்து கம்பெனியின் அமெரிக்கப் பிரிவு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 50 கோடி டாலர் செலுத்த கம்பெனி சம்மதித்தது. நல்ல உற்பத்தி முறையைப் பின்பற்றாததும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் பொய்த் தகவல் கொடுத்ததும் அதன் குற்றங்கள். 2015-இல் ரான்பாக்ஸி சன் ஃபார்மாவோடு இணைந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்திய யூனிட்களுக்கு வரும் ஆய்வாளர்கள் கணினியில் ஆடிட் டிரெயில் என்ற மாற்ற வரலாற்றையும், குப்பைத் தொட்டியையும் கூடத் தேடிப் பார்க்கிறார்கள். ஆய்வின் முடிவில் குறைகளை எழுதித் தரும் தாளுக்கு ஃபார்ம் 483 என்று பெயர். ஃப்ரெஷருக்கு இந்த அளவு தெரிந்தால் தாராளம்.

செய்திகளில் வருவதைப் பற்றிக் கேட்பார்களா?

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தில் இறந்தார்கள். சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழக அரசின் ஆய்வகம் கண்டது. அனுமதி 0.1 சதவீதம். 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும், 2022-இல் காம்பியாவில் குழந்தைகளின் சாவோடு தொடர்புபடுத்தப்பட்டதும் இதே நச்சுதான். நம் மண்ணில் நடந்தது என்பதால் எனக்கு அந்த வாரம் தூக்கமே வரவில்லை.

இதைக் கேட்டால் வருத்தம் தெரிவிப்பதோடு நிற்காதீர்கள். சிரப்பில் சேர்க்கும் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால், சார்பிட்டால் கரைசல் ஆகியவை வந்தால் சப்ளையரின் சான்றிதழை மட்டும் நம்பாமல், கேஸ் குரோமட்டோகிராஃபியில் இந்த நச்சு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே விட வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தச் சோதனையைச் செய்யப்போவது நாளை நீங்களாக இருக்கலாம்.

ஹெச்பிஎல்சியைத் தொட்டதே இல்லை. கல்லூரியில் தூரத்திலிருந்து காட்டினார்கள். என்ன செய்ய?

அப்படியே சொல்லுங்கள். நம் கல்லூரிகளின் நிலைமை எங்களுக்குத் தெரியும். ரெஸ்யூமேயில் 'கையாண்ட அனுபவம்' என்று போட்டுவிட்டு, மொபைல் ஃபேஸை (கருவிக்குள் ஓடும் திரவத்தை) எதற்கு வடிகட்டுகிறோம் என்ற கேள்விக்கு முழிப்பதுதான் பிரச்சினை. புராஜெக்டை வெளியே காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் இதே பதில். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இங்கிலீஷ் சரளமாக வராது. தெலுங்கும் இந்தியும் சுத்தமாகத் தெரியாது.

எஸ்ஓபியைப் படித்துப் புரிந்துகொள்ளவும், நடந்ததை நான்கு வரியில் எழுதவும் இங்கிலீஷ் வேண்டும். அதற்குச் சின்னச் சின்ன வாக்கியம் போதும். இலக்கணம் தவறியதற்காக நான் ஒருவரையும் அனுப்பியதில்லை. பேனலில் தமிழர் இருந்தாலும் நீங்களாகத் தமிழில் ஆரம்பிக்க வேண்டாம், அவர் ஆரம்பித்தால் பேசுங்கள். தெலுங்கு ஆறு மாதத்தில் கேன்டீனிலேயே வந்துவிடும்.

மெடிக்கல் டெஸ்டில் என்ன பார்ப்பார்கள்?

ரத்தம், மார்பு எக்ஸ்ரே, தோல் நோய், கண். நிறக்குருடு இருக்கிறதா என்று குறிப்பாகப் பார்ப்பார்கள். டைட்ரேஷனில் நிறம் மாறுவதும், மாத்திரையில் புள்ளி தெரிவதும் கண்ணை நம்பித்தான் இருக்கிறது. நிறம் பிரித்தறிவதில் சிரமம் இருந்தால் டாக்குமென்டேஷன், ரெகுலேட்டரி போன்ற வேலைகள் இருக்கின்றன. மறைக்க வேண்டாம்.

சிடிசி 3 லட்சம் என்கிறார்கள். கைக்கு எவ்வளவு வரும்?

சிடிசி என்றால் கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 25,000. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 12,500 என்று வையுங்கள். கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 1,500 ரூபாய். கிராஜுவிட்டிக்கு சுமார் 600. இவை இரண்டும் சிடிசிக்குள்ளேயே அடங்கும், உங்கள் கைக்கு வராது. மிச்சம் 22,900. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,500, தெலங்கானாவில் தொழில் வரி 200. ஆக 21,200 அளவில் வரும். போனஸையோ வேரியபிள் பேயையோ சிடிசிக்குள் சேர்த்திருந்தால் இன்னும் குறையும். அமீர்பேட்டிலோ பாச்சுபள்ளியிலோ ஹாஸ்டல் வாடகையையும் கழித்துவிட்டு வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று பாருங்கள். சம்பளம் சொல்லும்போது 'மாதம் கைக்கு எவ்வளவு சார், பஸ், கேன்டீனுக்குப் பிடித்தம் உண்டா?' என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுக்கச் சொன்னால்? பணம் கேட்டால்?

சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தருவதுதான் சரியான நடைமுறை. வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் கொடுக்காதீர்கள். பாண்டில் கையெழுத்துக் கேட்டால் எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு என்று முழுவதும் படித்த பிறகு போடுங்கள்.

வேலைக்குப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர். பெரிய கம்பெனியின் பெயரில் ஆஃபர் லெட்டர் அனுப்பி 'டிரெயினிங் டெபாசிட்' என்று பணம் பிடுங்குகிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய குடும்பத்தை எனக்குத் தெரியும்.

ஒரு வருட அனுபவம் இருப்பதாக சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட்...

வேண்டவே வேண்டாம். பிஎஃப் கணக்கில் நீங்கள் எங்கே, எந்த மாதம் வேலை பார்த்தீர்கள் என்ற வரலாறு இருக்கிறது. சேர்ந்து எட்டு மாதம் கழித்துக் கண்டுபிடித்து அன்றைக்கே வெளியே அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். திறமையான பையன். ஃப்ரெஷராகவே வந்திருந்தால் எடுத்திருப்போம்.

கடைசியில் 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்கிறார்கள். என்ன கேட்கலாம்?

புதிதாகச் சேர்பவருக்கு எத்தனை நாள் பயிற்சி, ஷிஃப்ட் எப்படி மாறும், இரவு ஷிஃப்டுக்குப் பஸ் உண்டா என்று கேளுங்கள். புரொடக்ஷனுக்கும் மூலமருந்து யூனிட்டுக்கும் போகிறவர்கள் பாதுகாப்பைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். சால்வென்ட் எங்கே வைத்திருக்கிறார்கள், தூசி சேரும் இடத்தில் எர்த்திங் பார்க்கிறார்களா, கடைசியாக எப்போது மாக் டிரில் நடந்தது? 2025 ஜூன் 30 அன்று பாசமைலாரத்தில் நடந்த வெடிவிபத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உங்களை இரண்டு முறை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களுக்காக இதைக் கேட்கிறீர்கள். நல்ல கம்பெனி சந்தோஷமாகப் பதில் சொல்லும்.

தேர்வாகவில்லை. அதே கம்பெனிக்கு மறுபடி போகலாமா?

போகலாம். பல இடங்களில் ஆறு மாத இடைவெளி கேட்பார்கள், படிவத்திலும் 'இதற்கு முன் வந்ததுண்டா' என்று ஒரு கட்டம் இருக்கும். 'ஆம்' என்றே எழுதுங்கள். போன முறை எந்தக் கேள்வியில் நின்றீர்களோ அதை ரயிலில் திரும்பும்போதே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒரு பையன் இரண்டாம் முறை வந்தபோது அந்த நோட்டையே எடுத்து மேஜையில் வைத்தான். பதினொரு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கீழே வேறு மையில் பதில். ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. 'இது இன்னும் புரியலை சார்' என்றான். பேனாவை எடுத்து அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன்.